கேசிங் எத்தனை அடி?

நிலவியல் முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் பாடம் எடுப்பதில்லை. ஒரு வேலைதான் கொடுப்பேன். அடுத்த வாரம் வரும்போது ஆளுக்கொரு கல் கொண்டுவர வேண்டும். வயலில், கிணற்று மேட்டில், ஓடையில், கோயில் கரட்டில், எங்கே கிடைத்தாலும் சரி. எடுத்த இடம் மட்டும் நினைவில் இருக்க வேண்டும்.

அப்படி ஒருமுறை, நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் செய்தித்தாளில் சுற்றி ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்தார். கைக்குள் அடங்கும் அளவு. ஒரு பக்கம் செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது. “இது என்னம்மா?” என்றேன். “குவார்ட்ஸ் சார்” என்றார். முந்தைய நாளே புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். “உங்க ஊர்ல இதை என்னன்னு சொல்வாங்க?” என்று கேட்டேன். தயங்கினார். பக்கத்திலிருந்த தோழியை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “வெங்கச்சங்கல்லுங்க சார்” என்றார். தப்பான விடையைச் சொல்லிவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குரல் தாழ்ந்ததற்கு அவர் காரணமில்லை. தலைமுறை தலைமுறையாக இந்தப் பாடத்தை நடத்திவரும் எங்களைப் போன்றவர்கள்தான் காரணம். ஒரு கல்லை அதன் ஊர்ப் பெயரோடும் ஊர் மண்ணோடும் சேர்த்து வகுப்பறைக்குள் விட நாங்கள் பழகவில்லை.

அன்று அந்தக் கல்லை வைத்தே வகுப்பு நடந்தது. ஒரு கண்ணாடித் துண்டை மேசையில் வைத்து, கல்லின் முனையால் அவரையே கீறச் சொன்னேன். கண்ணாடியில் வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு பேனாக்கத்தியால் கல்லைக் கீறச் சொன்னேன். கல்லில் கீறல் விழவில்லை, கத்தியின் இரும்புதான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாக ஒட்டிக்கொண்டது. சுத்தியலால் ஒரு தட்டு. உடைந்த முகம் பலகைபோல் தட்டையாக இல்லாமல், சங்கின் உட்புறம்போல வளைந்திருந்தது. சிலிக்கானும் ஆக்சிஜனும் எல்லாத் திசையிலும் ஒரே இறுக்கமாகக் கைகோத்திருப்பதால், இந்தக் கனிமம் பிளந்துகொடுக்க வசதியான தளம் எதுவும் கிடையாது. வெயிலும் மழையும் பட்டுப் பாறையிலிருக்கும் மற்ற கனிமங்கள் களிமண்ணாகிப் போனாலும் இது மட்டும் மிஞ்சும். உருண்டு, உடைந்து, சிறுத்து, ஆற்றில் போய்ச் சேரும்.

“அப்ப ஆத்து மணல் இதுதானுங்களா சார்?”

பெரும்பாலும் இதுதான். அந்த ஒரு கேள்வியில் கனிமத்திலிருந்து வளத்துக்கு அவர் தாமாகவே நடந்து வந்துவிட்டார். பாடத்திட்டத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று அலகுகள் ஆகும்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். பாறை, கனிமம், நிலவளம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லித்தரும் இந்த அறிமுகப் பாடம் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகளுக்குள் அடைந்து கிடக்கக் கூடாது. கலை, அறிவியல், வணிகம், பொறியியல் என்று எதைப் படிக்க வந்தவரும் ஒரு பருவமாவது இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும். படிக்கும் எல்லோரையும் நிலவியலாளர் ஆக்குவது என் நோக்கமில்லை. தன் கிணறு வற்றியது ஏன், தன் ஊர்க் கரடு யாருக்குக் குத்தகைக்குப் போகிறது, தன் வீட்டுத் தளத்தில் போட்டிருக்கும் ஜல்லி எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்த குடிமக்கள் வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

முதலில் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளியில் ‘புவியியல்’ என்றால் நாடு, நகரம், நதி, பருவமழை. அரசு அலுவலகப் பலகையில் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்றால் அது கல்லையும் கனிமத்தையும் பார்க்கும் துறை. இரண்டுக்கும் ஒரே சொல். நிலவியல், புவியமைப்பியல் என்றெல்லாம் தனிப்பெயர்கள் உண்டு என்றாலும் பொதுமக்கள் வாயில் அவை ஏறவில்லை. ‘என்ன படிக்கிறாய்’ என்று சொந்தக்காரர்கள் கேட்டால், பதில் சொல்லிப் புரியவைக்க எங்கள் மாணவர்களுக்குப் பத்து நிமிடமாகிறது.

ஆனால், கற்களுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமே இல்லை. வெங்கச்சங்கல் குவார்ட்ஸ். வெயிலில் தகதகவென்று மின்ன, சிறுபிள்ளைகள் உரித்து உரித்து விளையாடும் காக்காப்பொன் மைக்கா. சுக்கான்கல் என்பது மண்ணுக்குள் முடிச்சு முடிச்சாகத் திரளும் சுண்ணாம்பு. கல்சட்டி கடையப்படும் மாக்கல், நகத்தாலேயே கீறல் விழும் டால்க் நிறைந்த கல். குருந்தம் என்ற நம் சொல்தான் உலகம் முழுவதும் புழங்கும் ‘கோரண்டம்’ ஆயிற்று. ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்துக்கு அடுத்து, 9-ஆம் இடத்தில் உட்கார்ந்திருப்பது அதுதான். மாணிக்கமும் நீலமும் அந்தக் கனிமத்தின் நிறபேதங்களே. மோஸின் வரிசையில் முதற்படி டால்க், ஏழாம்படி குவார்ட்ஸ். ஆக மாக்கல், வெங்கச்சங்கல், குருந்தம் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டாலே அந்த அளவுகோலின் அடியும் நடுவும் உச்சிக்குப் பக்கமும் வந்துவிடுகின்றன. இதற்கு வெளியூரிலிருந்து பெட்டி வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் செய்முறைத் தேர்வுக்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. அறைகள் தடுத்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு கல், கல்லின்மேல் வெள்ளை வண்ணத்தில் ஓர் எண். எங்கிருந்து வந்த கற்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு முன்னால் எத்தனையோ ஆண்டு மாணவர்கள் தொட்டுத் தொட்டு அவற்றின் முகமெல்லாம் மழுங்கியிருந்தது. மூலை உடைந்திருந்தால் ஆர்த்தோகிளேஸ், எண்ணுக்குப் பக்கத்தில் மைக்கறை இருந்தால் ஹார்ன்பிளெண்ட் என்றுதான் நாங்கள் மனப்பாடம் செய்தோம். நிறம், மினுக்கம், கீற்று, பிளவு, கடினம் என்று வரிசையாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினோம். கல்லூரிக்குப் பின்னால் இருந்த கரடு என்ன பாறை என்று மூன்று ஆண்டுகளில் ஒருவரும் கேட்டுக்கொண்டதில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறாத வருத்தம்.

சென்னைவாசிகளை எடுத்துக்கொள்வோம். தினமும் லட்சக்கணக்கானோர் பரங்கிமலையைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். உலக நிலவியல் அகராதியில் இடம்பிடித்த ஒரு பாறையைத்தான் தாண்டிப் போகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. கொல்கத்தாவோடு பெயர் இணைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல், பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-இல் அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். புதிதாக உடைத்த துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்பு, லேசான நீலம் பாய்ந்த குவார்ட்ஸ், இடையிடையே கரும்பழுப்பாகப் பைராக்ஸீன். பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில், ஏறக்குறைய நீரே இல்லாத சூழலில் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. மேலே கிடந்ததெல்லாம் அரித்துப் போய், அது இன்று பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பரங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.

அதே பல்லாவரத்தில்தான் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று ஒரு சரளைக் குழியில் செதுக்கிய குவார்ட்சைட் கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அது. குழியில் ஆயிரம் கற்கள் கிடந்திருக்கும். இயற்கை உடைத்த கல் எது, மனிதக் கை உடைத்த கல் எது என்று பிரித்துப் பார்க்க அவர் கண் பழகியிருந்தது. அந்தக் கண்ணைப் பழக்குவதுதான் அறிமுகப் பாடத்தின் முதல் வேலை.

பழகாத கண்ணுக்குக் கருங்கல் எல்லாமே ‘கிரானைட்’தான். கடைக்காரர் கறுப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. கிரானைட்டுக்கும் அதற்கும் கனிம அமைப்பிலேயே சம்பந்தமில்லை. சமையல்மேடையில் சிவப்புப் புள்ளிகளோடு வெள்ளையாகத் தெரியும் ‘காஷ்மீர் ஒயிட்’ காஷ்மீரத்துக் கல் அல்ல, மதுரை மேலூர்ப் பக்கத்துக் கல். அந்தச் சிவப்புப் புள்ளிகள் கார்னெட். கன்னியாகுமரிக் கடற்கரையில் கால்பட்ட இடத்தில் சிவப்பாக வரி வரியாகத் தெரிவதும் அதே கார்னெட் மணல்தான். அதன் பக்கத்திலுள்ள கறுப்பு இல்மனைட். 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அன்று கேஸ் விளக்குத் திரிக்கூட்டுக்கு அதிலிருந்த தோரியம் வேண்டியிருந்தது. மணவாளக்குறிச்சி மணலின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நாரில் ஒட்டிய மணலை நாம் உதறிவிட்டோம், எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர் எடுத்துப் பார்த்தார்.

இவற்றையெல்லாம்விட எனக்கு நெஞ்சில் தைத்திருப்பது தண்ணீர்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 73 சதவீதம் கடினப் பாறை. மணற்பாறையைப் போல அதற்கு உடம்பெல்லாம் துளை கிடையாது. மேலே மக்கிப்போன பகுதியில் கொஞ்சம், அதற்குக் கீழே விரிசல்களில் கொஞ்சம் என்றுதான் நீர் நிற்கும். நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது என் அப்பா எங்கள் காட்டில் போர் போட்டார். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி இடம் குறித்துக் கொடுத்தார். ரிக் வண்டி இரவு எட்டு மணிக்கு வந்தது. மக்கிய பகுதி சரியாமலிருக்க இறக்கும் கேசிங் பைப் 35 அடியோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் குழியிலிருந்து எழுந்த மாவைத் தனித்தனிக் குவியலாக வரிசையில் தள்ளிவைத்தார்கள். விடியற்காலையில் அந்த வரிசையில் நான் நடந்துபார்த்தேன். முதல் சில குவியல்கள் செம்மண் நிறம், பிறகு பழுப்பு. அறுபது அடிக்குக் கீழே கடைசிக் குவியல்வரை ஒரே சாம்பல் வெள்ளை. ஒன்றுக்குள் கை விட்டேன். சூடாக இருந்தது. ஈரமே இல்லை. “இன்னும் நூறு அடி பார்த்துரலாங்க” என்றார் வண்டிக்காரர். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. 780 அடியில் நிறுத்தினார்கள். அடகுவைத்த நகையை மீட்க ஆறு வருடமாயிற்று.

அந்தக் குவியல்களைப் படிக்க எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேசிங் 35 அடி என்றால் அங்கே மக்கிய பகுதியின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். அறுபதுக்குக் கீழே நிறமும் மாறவில்லை, துருக்கறையும் இல்லை என்றால், விரிசல் தட்டாத ஒரே பாறைக்குள் போய்க்கொண்டிருக்கிறோம் என்று பொருள். பொதுவாக ஆழம் போகப் போக விரிசல்கள் குறையும், இறுகும். எப்போதாவது ஆழத்தில் நல்ல ஊற்று கிடைத்துவிடுவதுண்டு, அந்த ஒரு கதையைக் கேட்டுத்தான் ஊரே நூறு நூறு அடியாக இறங்குகிறது. பாறை இனங்களின் வரையறையை அன்றைக்கே என்னால் ஒப்பிக்க முடியும். ஆனால் முந்நூறு அடியில், “போதும்பா, நிறுத்திடலாம்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தியாவின் நிலத்தடியை மிக அதிகமாகத் துளைத்துப் பார்த்தவர்கள் யாரென்று கேட்டால், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் என்பேன். நாட்டின் எந்த மூலைக்கும் அவர்கள் வண்டி போகிறது. எத்தனை அடியில் பாறை தட்டியது, எங்கே ஈரம் வந்தது, எங்கே மாவின் நிறம் மாறியது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு பெரும்பாலும் பில் போட்டதோடு காற்றில் போய்விடுகிறது. ஊர்க்காரர்களுக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் கேசிங் எத்தனை அடி இறங்கியது என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். ஓர் ஊரின் ஐம்பது போர்களுக்கு அந்த எண்ணை வாங்கி வரைபடத்தில் குறித்தால், எங்கே மக்கிய பகுதி தடிமனாக இருக்கிறது, எங்கே கிணறு வெட்டலாம், எங்கே தடுப்பணை கட்டினால் நீர் இறங்கும் என்று ஓரளவுக்குக் கண்ணில் தெரிந்துவிடும். ஒரு பருவ மாணவர்கள் ஒரு மாதத்தில் முடித்துவிடக்கூடிய வேலை இது.

தண்ணீர் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பல் நிறைய பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. முட்டி வளைந்தவர்களும் உண்டு. நீரிலுள்ள ஃபுளோரைடுதான் காரணம். அது தொழிற்சாலைக் கழிவு அல்ல. பாறையிலுள்ள அபடைட், ஃபுளோரைட், கறுப்புக் காக்காப்பொன்னான பயோடைட் ஆகிய கனிமங்களிலிருந்து கரைந்து வருவது. பாறையின் மடியில் நீர் எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு கூடுதலாகக் கரையும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு எத்தனை வகுப்பறைகளில் ‘பயோடைட்: நிறம் கறுப்பு, ஒருதிசைப் பிளவு’ என்று எழுதவைத்திருப்போம்! எழுதியவர்களில் எத்தனை பேருடைய பல்லில் அந்தக் கறை இருந்திருக்கும்!

வளம் என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் பாடநூல்களில் அது ஒரு பட்டியல். சேலத்தில் மேக்னசைட், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, அரியலூரில் சுண்ணாம்புக்கல். பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்பு, பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நின்றிருந்த கடலின் மிச்சம். சிமென்ட் ஆலைக்குப் போகும் கல்லில் அம்மோனைட் சுருள்கள் இருக்கின்றன. நெய்வேலியில் நிலக்கரியைவிடப் பெரிய சவால், அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர். அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நடக்கும். அப்படி இறைக்கும்போது சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு என்ன ஆகும் என்பதும் நிலவியல்தான். ஆனால் அந்தக் கேள்வி தேர்வுத்தாளில் வருவதில்லை.

2024 நவம்பரில் மேலூர் மக்களுக்கு இந்தப் பாடம் வேறு வழியில் வந்து சேர்ந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேர் ஏலம் போய்விட்ட செய்தி வெளியானது. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அதற்குள் இருந்தது. சமணப் படுக்கைகளும் தமிழி எழுத்தும் குடைவரைக் கோயிலும் உள்ள மலை அது. மக்கள் திரண்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. அந்த ரத்து சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. தங்கள் காலடியில் அந்தத் தாது இருக்கிறது என்பதையே அங்கே பலர் ஏலச் செய்தியில்தான் தெரிந்துகொண்டார்கள். அது எந்தக் கனிமத்தில் இருக்கிறது, ஒரு டன் பாறையை உடைத்தால் எவ்வளவு கிடைக்கும், மிச்சம் எங்கே கொட்டப்படும் என்ற கேள்விகளை அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. தோண்டியெடுக்க வருபவரிடம் வரைபடம் இருக்கிறது, நிலத்துக்காரரிடம் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் எனக்குக் கவலை.

மக்கள் எல்லோரும் நிலவியல் படித்துவிட்டால் ஒரு சுரங்கமும் நடக்காது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. அப்பாவின் போரைத் துளைத்த ரிக்கின் முனையில் பதிந்திருந்த குமிழ்கள் டங்ஸ்டன் கார்பைடு. நான் இருக்கும் வீட்டின் தளம் ஏதோ ஒரு கரட்டின் உடைந்த உடம்பு. ஆற்றுமணலை விட்டு, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டுக்கு வந்தால் ஆறு தப்பிக்கும், கரடு கரையும். இதில் செலவில்லாத தேர்வு எதுவும் இல்லை. அதைத் தெரிந்து வேண்டும் என்பதும் தெரிந்து வேண்டாம் என்பதும் ஊரின் உரிமை. கல்லைத் தெரிந்தவர் எல்லாவற்றையும் எதிர்ப்பார் என்பது, தெரியாதவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார் என்ற நம்பிக்கையின் மறுபக்கம்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்பார்கள். தனிப் புத்தகமே வேண்டாம். ஒரு கைலென்ஸ், ஒரு பேனாக்கத்தி, ஓட்டின் மெருகில்லாத பின்பக்கம், சொட்டுப்புட்டியில் நீர்த்த அமிலம். சுண்ணாம்புக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்த பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது. வாரம் ஒருநாள் வெளியே போக வேண்டும். கிணறு, குவாரி, ஓடை, சாலைக்காக வெட்டிய கரை. தேர்வுக்கு மரப்பெட்டி வேண்டாம். உன் ஊர்க் கல் எது, அதற்கு ஊரில் என்ன பெயர், அதில் என்ன கனிமங்கள், அங்கே தண்ணீர் எங்கே நிற்கிறது, அந்த ஊரிலிருந்து எதை எடுக்கிறார்கள், யார் பெயரில் குத்தகை என்று பத்துப் பக்கம் எழுதிவரட்டும். நான் என் வகுப்பில் இப்படித்தான் செய்கிறேன். வெங்கச்சங்கல் கொண்டுவந்த மாணவி, தன் ஊரின் நாற்பத்தொரு போர்களுக்குக் கேசிங் கணக்கு எடுத்துவந்தார்.

அவருக்கு ஒரு வருடம் மூத்த மாணவர் ஒருவர். அவருடைய ஊரில் கல்குவாரி ஒன்றுக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தபோது என்னையும் வரச் சொல்லியிருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆதரித்தும் எதிர்த்தும் பலர் உரக்கப் பேசினார்கள். அவர் முறை வந்தது. கையில் ஒரு நோட்டு. குரல் லேசாக நடுங்கியது.

“எங்க கிணத்துல கோடையில தண்ணி நாப்பத்தஞ்சு அடியில நிக்குதுங்க. அந்தப் பக்கம் இருக்கிற பதினாறு போருக்குக் கேசிங் நாப்பதுல இருந்து அம்பத்தஞ்சு அடி. எல்லாத்தையும் இதுல எழுதியிருக்கேன். குவாரி எத்தனை அடி இறங்குமுங்க? இறங்குனா எங்க தண்ணி எந்தப் பக்கம் போகும்னு உங்க அறிக்கையில எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?”

மேடையில் இருந்தவர்கள் அறிக்கையைப் புரட்டத் தொடங்கினார்கள்.